மோனோ ஏரிக்குப் போகுமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு கோடையிலும் என்னிடம் மோனோ ஏரியைப் பற்றி விசாரிக்கிறார்கள். "வெள்ளைத் தூண்கள் நிற்குமே, அந்த இடத்துக்கு எப்படிப் போவது?" என்றுதான் பேச்சு தொடங்கும். வழியை மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. அந்தத் தூண்கள் ஏன் வெளியே நிற்கின்றன என்று தெரிந்துகொண்டு பார்ப்பது வேறு, தெரியாமல் படம் எடுத்துக்கொண்டு திரும்புவது வேறு. அதனால் வழக்கமாக வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

மோனோ ஏரி எங்கே இருக்கிறது?

கலிபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், சியரா நெவாடா மலைத்தொடர் செங்குத்தாக இறங்கிப் பாலைவனத்தைத் தொடும் இடத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே 'கிரேட் பேசின்' என்னும் குளிர்ப் பாலைவனம் நெவாடா, யூட்டா வரை விரிகிறது. பக்கத்து ஊர் லீ வைனிங். 395ஆம் எண் நெடுஞ்சாலையில் உள்ள சிற்றூர். யோசெமிட்டியின் கிழக்கு வாசலான டையோகா கணவாயிலிருந்து இறங்கினால் அரை மணி நேரத்துக்குள் ஏரியைப் பார்த்துவிடலாம். அந்தக் கணவாய் கிட்டத்தட்ட 10,000 அடி உயரம். குளிர்காலம் முழுவதும் பனியால் மூடிக் கிடக்கும். பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூனிலோதான் திறக்கும். வேறு பருவத்தில் போகிறவர்கள் மலையைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

ஏரியின் பரப்பு சுமார் 180 சதுர கிலோமீட்டர். குறைந்தது 7,60,000 ஆண்டுகள் பழமையானது என்று நிலவியலாளர்கள் சொல்கிறார்கள். வட அமெரிக்காவின் மிகப் பழைய ஏரிகளில் இதுவும் ஒன்று.

இது மாநிலப் பூங்காவா, மத்திய அரசின் இடமா? நுழைவுக் கட்டணம் யாருக்கு?

இரண்டும்தான். 1941இல் ஏரி நிறைந்திருந்தபோது கரை இருந்த மட்டம் கடல்மட்டத்திலிருந்து 6,417 அடி. அதற்குக் கீழே தண்ணீர் வடிந்து வெளிப்பட்ட நிலத்தையும் தூண்களையும் காக்க 1981இல் கலிபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. மாநிலப் பூங்காத் துறையின் கீழ் 'மோனோ ஏரி டூஃபா மாநில இயற்கைக் காப்பகம்' பிறந்தது அப்படித்தான். டூஃபா என்பது இந்தத் தூண்களின் கல். சுற்றியுள்ள நிலத்தை 1984இல் நாடாளுமன்றம் 'மோனோ பேசின் தேசிய வன எழில் பகுதி' என்று அறிவித்து வனத்துறையிடம் கொடுத்தது. இரண்டு துறைகளும் சேர்ந்தே வேலை செய்கின்றன. தூண்கள் மிகுந்த 'சவுத் டூஃபா' பகுதியில் ஆளுக்கு 3 டாலர் வாங்குகிறார்கள். 15 வயது வரை கட்டணம் இல்லை. தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு அட்டை வைத்திருந்தால் அதுவே போதும்.

2011இல் மாநிலத்தின் நிதி நெருக்கடியில் மூடுவதற்கென்று 70 பூங்காக்களின் பட்டியலை அரசு வெளியிட்டது. அதில் மோனோவும் இருந்தது. ஏரியின் மேல் அக்கறை கொண்டவர்கள் விடாமல் முயன்றதால் பட்டியலிலிருந்து தப்பியது. வாசலில் கொடுக்கும் சில டாலர்களை வீண் செலவாக எண்ண வேண்டாம்.

தூண்கள் எப்படி உருவாயின?

ஏரித் தண்ணீரில் மூன்று வகை உப்புகள் கரைந்திருக்கின்றன: நாம் சாப்பிடும் உப்பு, ஆப்ப சோடா இனத்தைச் சேர்ந்த கார்பனேட்டுகள், சல்பேட்டுகள். ஏரியின் அடியில் நன்னீர் ஊற்றுகள் உண்டு. அந்த நீரில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், இருக்கிறது. ஊற்று நீர் ஏரி நீரைச் சந்திக்கும் இடத்தில் கால்சியமும் கார்பனேட்டும் கலந்து சுண்ணாம்புக் கல்லாகப் படிகின்றன. நம் ஊர் சுக்கான்கல்லைப் போன்ற சொரசொரப்பு அதற்கு உண்டு. ஊற்று கொப்பளிக்கக் கொப்பளிக்கக் கல் மேல்நோக்கி வளர்கிறது. இதைத்தான் டூஃபா என்கிறார்கள். சவுத் டூஃபாவில் உள்ள தூண்களின் வயது 200 முதல் 900 ஆண்டுகள்.

இதில் ஒன்றை மனத்தில் வையுங்கள். இந்தத் தூண்கள் தண்ணீருக்குள் மட்டுமே வளரும். இன்று இரண்டு மூன்று ஆள் உயரத்துக்கு வெயிலில் நிற்கிற ஒவ்வொரு தூணும் ஒரு காலத்தில் மூழ்கிக் கிடந்தது.

அப்படியானால் தண்ணீர் எங்கே போனது?

லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனது. மோனோ வடிகால் இல்லாத ஏரி. மலைப்பனி உருகி ஓடைகளில் வருவதுதான் வரவு, வெயில் குடிப்பதுதான் செலவு. ஆண்டுக்கு மூன்று நான்கு அடி ஆவியாகிவிடும். 1941இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் நீர், மின் துறை இந்த ஏரிக்கு வரும் ஓடைகளில் நான்கை மறித்து, மலையைக் குடைந்து, 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் நகரத்துக்குத் திருப்பியது. 1970இல் இரண்டாவது பெருங்குழாய் முடிந்ததும் இன்னும் அதிகமாக எடுத்தார்கள். அந்த ஆண்டுகளில் மோனோ வடிநிலத்திலிருந்து சராசரியாக ஆண்டுக்கு 3 டி.எம்.சி.க்கு மேல் வெளியேறியது. ஓடைகளின் கீழ்ப்பகுதி வறண்டு வெறும் கூழாங்கல்லானது.

1941இல் 6,417 அடியாக இருந்த நீர்மட்டம் 1982இல் 6,372 அடிக்கு இறங்கியது. நாற்பத்தைந்து அடி. ஏரியின் கொள்ளளவு பாதியாயிற்று. உப்பு இரண்டு மடங்காயிற்று. 1979இல் கடற்காகங்கள் கூடு கட்டும் நெகிட் தீவுக்கும் கரைக்கும் இடையே தரை வெளிப்பட்டு, கயோட்டி நரிகள் நடந்தே போய்விட்டன. அந்த ஆண்டு பறவைகள் தீவையே கைவிட்டன.

வெளிப்பட்ட ஏரிப்படுகை வேறொரு துன்பத்தையும் கொண்டுவந்தது. காற்று அடிக்கும் நாளில் உப்புப் புழுதி வெள்ளைத் திரையாக எழும். நுரையீரலுக்குள் போகும் நுண்துகள் அது. ஏரியின் வடகிழக்குக் கரையில் காற்றின் தரம் அரசு வகுத்த அளவை இன்றும் பல நாள் மீறுகிறது.

எடுப்பதைக் கட்டுப்படுத்தியது யார்?

முதலில் மாணவர்கள். 1970களின் நடுவில் ஒரு இளைஞர் குழு ஏரியில் உள்ள உயிர்களைக் கணக்கெடுத்து, இதே வேகத்தில் போனால் ஏரி செத்துவிடும் என்று அறிக்கை கொடுத்தது. அவர்களில் ஒருவரான டேவிட் கெய்ன்ஸ் 1978இல் மற்றவர்களோடு சேர்ந்து மோனோ ஏரிக் குழுவைத் தொடங்கினார். பறவைகளைக் காக்கப் பாடுபடும் ஆடபான் சங்கத்தோடு சேர்ந்து 1979இல் வழக்குத் தொடுத்தார்கள்.

1983இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு அமெரிக்க நீர்ச் சட்டத்தில் ஒரு மைல்கல். தமிழில் அதைச் சொல்வது எளிது, ஏனென்றால் நம்மிடம் 'அறங்காவலர்' என்ற சொல் இருக்கிறது. கோயில் சொத்து அறங்காவலரின் பொறுப்பில் இருக்கும், அவருடைய சொத்தாகிவிடாது. ஏரியும் அப்படித்தான் என்றது நீதிமன்றம். மாநில அரசு மக்களுக்காக அதைக் காக்கும் அறங்காவலர். தண்ணீர் எடுக்க ஒருமுறை உரிமம் கொடுத்துவிட்டோம் என்று கைகட்டி நிற்க முடியாது. பொதுச்சொத்துக்குக் கேடு வருகிறதா என்று மறுபடியும் மறுபடியும் பார்க்கும் கடமை அதற்கு உண்டு. கெய்ன்ஸ் 1988இல் லீ வைனிங் அருகே சாலை விபத்தில் இறந்துபோனார். வழக்கின் முழுப் பலனை அவர் பார்க்கவில்லை.

அந்தப் பலன் வந்தது 1994 செப்டம்பரில். மாநில நீர்வள வாரியம், ஏரியை 6,392 அடிக்கு உயர்த்த வேண்டும் என்று ஆணையிட்டது.

6,392 அடி ஆகிவிட்டதா?

இல்லை. இருபது ஆண்டுகளில் எட்டிவிடும் என்று அப்போது கணக்குப் போட்டார்கள். முப்பது ஆண்டு கடந்தும் எட்டவில்லை. 2023இன் பெரும்பனி ஒரே ஆண்டில் ஏறத்தாழ 5 அடி கூட்டியது; அப்போதும் 6,384 அடியைத் தாண்டவில்லை.

ஆணையின்படி ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1 அன்று மட்டம் பார்க்கிறார்கள். 6,377 அடிக்குக் கீழே இருந்தால் நகரம் ஒரு சொட்டும் எடுக்கக் கூடாது. 6,377க்கும் 6,380க்கும் இடையில் என்றால் ஆண்டுக்கு 4,500 ஏக்கர்-அடி, நம் கணக்கில் 0.2 டி.எம்.சி. 6,380ஐத் தாண்டினால் 16,000 ஏக்கர்-அடி வரை, கிட்டத்தட்ட 0.7 டி.எம்.சி. சிக்கல் இங்கேதான். ஏரி சற்றே தலைதூக்கியதும் எடுக்கும் அளவு மூன்று மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. அடுத்த வறட்சியில் ஏறியதெல்லாம் இறங்கிவிடுகிறது. இந்த விதியை மாற்றி எழுத வேண்டும் என்பதுதான் ஏரிக்காகப் பேசுகிறவர்களின் இன்றைய கோரிக்கை. எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. பத்து லட்சம் பேர் கூடிய பிறகும் லாஸ் ஏஞ்சலிஸ் 1970களில் செலவழித்ததைவிடக் குறைவான தண்ணீரில்தான் இன்று வாழ்கிறது. சிக்கனம் பிடிக்கத் தெரிந்த நகரம் அது. மோனோவின் 0.7 டி.எம்.சி. இல்லாமலும் அதனால் சமாளிக்க முடியும்.

ஏரி நிறைந்தால் தூண்கள் மூழ்கிவிடுமே, சுற்றுலா பாதிக்காதா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை நான் குறை சொல்வதில்லை. ஆம், சில மூழ்கும். கரையோரத்தில் நிற்கும் சிலவற்றின் அடியை அலை அரித்துச் சாய்த்தும் விடும். ஆனாலும் 6,392 அடியில் பல தூண்கள் வெளியே நிற்கும் என்பதையும் பார்த்துத்தான் அந்த மட்டத்தை முடிவு செய்தார்கள். காப்பகத்தின் பெயரே டூஃபா காப்பகம். இருந்தும் தூண்களை மூழ்கடிக்கும் தண்ணீருக்காகவே அதன் ஊழியர்கள் உழைக்கிறார்கள். தூண் வளர்வது தண்ணீருக்குள்தானே. வெளியே நிற்பது வளர்ச்சி நின்றுபோன தூண்.

ஏரியில் குளிக்கலாமா?

தாராளமாக. கடலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உப்பு என்பதால் உடல் தானாக மிதக்கும். ஆனால் காரத்தன்மை மிகுந்த நீர்; அமில-கார அளவு 10ஐ ஒட்டி இருக்கிறது. கண்ணில் பட்டால் எரியும். கீறல், புண் இருந்தால் இறங்க வேண்டாம். என் அம்மாவை அழைத்துப் போனபோது இரண்டு விரலால் தண்ணீரைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். "சவுக்காரம் கரைத்த தண்ணீர்" என்றார். அதைவிடச் சரியான வருணனையை நான் கேட்டதில்லை. உடம்பில் காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்துவிடும். கழுவிக்கொள்ள இரண்டு கேன் நல்ல தண்ணீர் காரில் இருக்கட்டும்.

படகு?

துடுப்புப் படகும் கயாக்கும் கொண்டு போகிறவர்கள் நேவி பீச் பகுதியில் இறக்குகிறார்கள். காலையிலேயே போய்விட்டுத் திரும்பிவிடுங்கள். பிற்பகலில் மலையிலிருந்து காற்று சட்டென்று இறங்கும். கண்ணாடி போலக் கிடந்த ஏரி சிறிது நேரத்தில் கொந்தளித்துவிடும். ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 1 வரை தீவுகளிலிருந்து ஒரு மைல் தொலைவுக்குள் யாரும் போகக் கூடாது. கடற்காகங்கள் குஞ்சு பொரிக்கும் காலம் அது. சொந்தப் படகு இல்லாதவர்களுக்கு மோனோ ஏரிக் குழு கோடை வார இறுதிகளில் காலை வேளையில் வழிகாட்டியோடு படகுப் பயணம் நடத்துகிறது.

மீன் பிடிக்கலாமா?

இந்த ஏரியில் மீனே இல்லை. அதனால் 'செத்த ஏரி' என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இது. கரையில் குந்தி உட்கார்ந்து ஒரு கை நீரை அள்ளிப் பாருங்கள். கோடையில் நகத்தளவு உப்பிறால்கள் உள்ளங்கையில் துடிக்கும். உடல் கண்ணாடி போல இருக்கும். இறகு போன்ற கால்கள் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும். உலகில் மோனோவில் மட்டுமே வாழும் இனம் இது. குளிர் வந்ததும் மொத்தக் கூட்டமும் மடிந்துவிடும். அடியில் கிடக்கும் முட்டைகளிலிருந்து அடுத்த வசந்தத்தில் மறுபடி பிறக்கும். கோடை உச்சத்தில் இவற்றின் எண்ணிக்கை லட்சம் கோடிகளில் இருக்கும். பார்த்துவிட்டு மெல்லத் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள்.

கரையெல்லாம் கறுப்பாக ஈ மொய்க்கிறதாமே?

மொய்க்கும். பயப்பட வேண்டாம். இவை உவர் ஈக்கள். கடிக்காது, உங்கள் சாப்பாட்டையும் நாடாது. கரையோரம் கறுப்புப் பட்டையாக உட்கார்ந்திருக்கும். நடந்தால் அலை போல விலகி வழிவிடும். குழந்தைகள் இதற்காகவே ஓடிக்கொண்டிருப்பார்கள். இன்னும் கொஞ்சம் பொறுமை இருந்தால், ஓர் ஈ நீருக்குள் இறங்கி நடப்பதைப் பார்க்கலாம். உடலில் உள்ள மெழுகுபூசிய மயிர்கள் காற்றைப் பிடித்துக்கொள்ள, வெள்ளிக் குமிழிக்குள் நின்றபடியே அது பாறையைப் பிடித்துக் கீழே போகும். பாசியைத் தின்று, முட்டையிட்டு, நனையாமல் மேலே வரும்.

இந்த ஏரிக்கரையின் பூர்வகுடிகளான குட்ஸாடிகா மக்களின் பெயரே இந்த ஈயிலிருந்து வந்தது. ஈயின் கூட்டுப்புழுக்களைக் கரையில் வாரி, உலர்த்தி, மேல்தோலைத் தேய்த்துப் புடைத்துச் சாப்பிட்டார்கள். கொழுப்பும் புரதமும் மிகுந்த உணவு. அந்த மக்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். தங்கள் இனக்குழுவை மத்திய அரசு அங்கீகரிக்க வேண்டும் என்று நீண்ட காலமாகக் கேட்டு வருகிறார்கள்.

பறவைகளைப் பார்க்க எந்த மாதம் நல்லது?

இளவேனிலிலும் கோடையிலும் கடற்காகங்கள். கடற்கரையிலிருந்து மலையைத் தாண்டி வந்து இங்கே குஞ்சு பொரிக்கின்றன. ஜூலை, ஆகஸ்டில் வில்சன் ஃபாலரோப் என்னும் சிறிய கரைப்பறவைகள் பல்லாயிரக்கணக்கில் இறங்கும். நன்றாகத் தின்று கொழுத்து நேரே தென் அமெரிக்காவுக்குப் பறக்கும். இலையுதிர் காலத்தில் கருங்கழுத்து முக்குளிப்பான்கள் பத்து லட்சத்துக்கும் மேல் கூடும். இறாலைத் தின்று தின்று எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகி, பறக்கும் தசை சுருங்கி, மாதக்கணக்கில் பறக்கவே முடியாமல் மிதந்துகொண்டிருக்கும். இறால் தீர்ந்ததும் உடல் இளைத்து இரவோடு இரவாகக் கிளம்பிவிடும்.

எனக்குப் பிடித்தது விராலடிப்பான். மீன் மட்டுமே தின்னும் இந்தப் பறவை, மீனே இல்லாத ஏரியில் டூஃபாத் தூண் உச்சியில் குச்சிகளை அடுக்கிக் கூடு கட்டுகிறது. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் நரி வராது. இரைக்கு மட்டும் மலைப்பக்கத்து நன்னீர் ஏரிகளுக்குப் பறந்து போய்க் காலில் மீனோடு திரும்பும். கூடு இருக்கும் தூண்களைப் படகில் நெருங்காதீர்கள்.

வறட்சியில் நீர்மட்டம் இறங்கி நரிகள் மறுபடி தீவை நெருங்கியபோது, 2017இல் தீவுக்கும் கரைக்கும் இடையே வெளிப்பட்ட தரையின் குறுக்கே ஒரு மைலுக்கு மேல் தற்காலிக மின்வேலி போட்டார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் ஏரியில் தண்ணீர் இருந்திருந்தால் வேலிக்குத் தேவையே வந்திருக்காது.

ஒரு சிறு கல் எடுத்துக்கொண்டு வரலாமா?

கூடாது. தூண் மேல் ஏறுவதும் கூடாது. பார்வைக்குப் பாறை போல இருந்தாலும் எளிதில் உடையும். நேவி பீச் பக்கம் 'மணல் டூஃபா' என்று ஒரு வகை உண்டு. மணலுக்குள் ஊறிய ஊற்று, மணல் மணியாகக் கோத்துக் கட்டிய முழங்கால் உயர மெல்லிய தூண்கள். கை பட்டாலே உதிர்ந்துவிடும். அங்கே குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு வசதி உண்டா?

உண்டு. லீ வைனிங்குக்கு வடக்கே 'ஓல்ட் மெரினா' பகுதியிலும், அதற்கும் வடக்கே 'கவுண்டி' என்னும் மாவட்ட நிர்வாகத்தின் பூங்காவிலும் மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். கவுண்டிப் பூங்காவில் கட்டணம் இல்லை. நிழல் தரும் மரங்களும் புல்வெளியும் இருப்பதால் கட்டுச்சோறு பிரித்துச் சாப்பிட ஏற்ற இடம்.

தங்குவது, சாப்பிடுவது?

காப்பகத்துக்குள் கூடாரம் போட அனுமதி இல்லை. லீ வைனிங் பள்ளத்தாக்கில் முகாம் மைதானங்கள் இருக்கின்றன. ஊரில் சில விடுதிகளும் உணவகங்களும் உண்டு. குளிர்காலத்தில் பல மூடிவிடும். பெட்ரோலை வரும் வழியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். இங்கே விலை அதிகம். உயரம் 6,400 அடி என்பதால் பகல் வெயில் சுடும், மாலையில் குளிரும். ஸ்வெட்டர் இல்லாமல் வந்து நடுங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

சவுத் டூஃபா. லீ வைனிங்கிலிருந்து 395இல் தெற்கே ஐந்து மைல், பிறகு 120இல் கிழக்கே ஐந்து மைல், அங்கிருந்து இடப்பக்கம் மண்சாலையில் ஒரு மைல். நடைபாதை சுற்றி வர ஒரு மைல். சூரியன் சாயும் நேரமாக இருந்தால் மிகவும் நல்லது. கார் நிறுத்துமிடத்திலிருந்து நீர்க்கரை வரை மெதுவாக இறங்குங்கள். வழியில், எந்த ஆண்டில் நீர் எங்கே நின்றது என்று காட்டும் பலகைகளைப் படித்துக்கொண்டே போங்கள். கரைக்கு வந்ததும் திரும்பி, நீங்கள் இறங்கி வந்த மேட்டை அண்ணாந்து பாருங்கள். அவ்வளவு தூரத்தையும் ஏரியின் அடித்தரையில்தான் நடந்து வந்திருக்கிறீர்கள்.